பெற்றோலுடன் ஊற்றும் ‘க்ளீனர்’ போத்தல்: எந்த எஞ்சினுக்கு, எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மட்டுமன்றி, பெற்றோல் ஷெட்களிலும் சேர்விஸ் நிலையங்களிலும் இப்போது ‘ஃபியூவல் சிஸ்டம் க்ளீனர்’ (பெற்றோலோடு கலந்து எரிபொருள் வழியைக் கழுவும் மருந்து) போத்தல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சேர்விஸ் பில்லில் ஒரு போத்தல் ஏறிவிடுவதும் உண்டு. பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய இளைஞர் முதலில் வாங்குவதும் பெரும்பாலும் இதைத்தான். நல்ல க்ளீனர் பயனற்றது என்று சொல்ல நான் எழுதவில்லை. அது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) பூட்டிய எஞ்சினில் அந்த அறியாமைக்கு ஒரு பிஸ்டனே விலையாகப் போகலாம்.

இலங்கைக்கு இதில் தனிக் காரணங்களும் இருக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே கொழும்பு வீதிகளில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை வயதானவை, கை மாறியவை. 2022 எரிபொருள் நெருக்கடியில் பல கார்கள் மாதக்கணக்கில் கராஜுக்குள் நின்றன. கலன்களில் சேமித்த பெற்றோலைப் பிறகு ஊற்றி ஓட்டியவர்களும் உண்டு. பழைய பெற்றோலில் இலேசான கூறுகள் ஆவியாகிப் போக, மிஞ்சுவது பிசினாக மாறி, எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியில் படிகிறது. போதாததற்கு நமது நகர ஓட்டம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய், சூடான எஞ்சினை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் மீண்டும் இயக்குகிறோம். எஞ்சினை நிறுத்திய பின் முதல் பத்து இருபது நிமிடங்களில் சிலிண்டர் ஹெட்டின் சூடு இன்ஜெக்டருக்கு ஏறும். நுனியில் தங்கிய துளிப் பெற்றோல் அந்தச் சூட்டில் காய்ந்து வார்னிஷ் ஆகும். காலி வீதி நெரிசலில் தினமும் ஓடும் காரில் படிவு கூடுதலாகச் சேர்வது இப்படித்தான்.

போத்தலைப் பார்க்குமுன் எஞ்சினைப் பார்க்க வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்குள் போகும் வழி இரண்டு. பழைய முறையில், இன்ஜெக்டர் உள்ளிழுக்கும் குழாயில் இருந்து 3 முதல் 4 பார் அழுத்தத்தில் வால்வின் முதுகில் பெற்றோலைத் தெளிக்கும். இதைப் போர்ட் இன்ஜெக்ஷன் என்கிறோம். புதிய முறையில், இன்ஜெக்டர் நேரே சிலிண்டருக்குள் 150, 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் தெளிக்கும். இது டைரக்ட் இன்ஜெக்ஷன். பெற்றோலில் கலந்த மருந்து பெற்றோல் படும் இடத்தை மட்டுமே கழுவும். போர்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டர் நுனி, வால்வின் முதுகு, எரியறை மூன்றும் கழுவப்படும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் வால்வின் முதுகுக்குப் பெற்றோல் வந்து சேர்வதே இல்லை. ஆகவே எத்தனை போத்தல் ஊற்றினாலும் அங்கே படிந்த கரி அப்படியே இருக்கும்.

சுபாரு எஸ்.டி.ஐ. கார்களின் ஈ.ஜே. வரிசை டர்போ எஞ்சின்கள், மிட்சுபிஷி எவலூஷனின் 4ஜி63, அதன் பின் வந்த 4பி11, ஹொண்டாவின் பழைய டைப்-ஆர் கார்களில் உள்ள பி16பி, கே20ஏ, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பழைய 1.6 லீற்றர் எம்16ஏ எல்லாம் போர்ட் இன்ஜெக்ஷன். இவற்றில் க்ளீனர் முழுப் பயன் தரும். 2017க்குப் பிந்திய 1.4 டர்போ ஸ்விஃப்ட் ஸ்போர்ட், எஃப்.கே.8 டைப்-ஆர், என்.டி. வகை மஸ்டா ரோட்ஸ்டர், எஃப்.ஏ.20 டர்போ பூட்டிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஆகியவை டைரக்ட் இன்ஜெக்ஷன். சீசீக்கு ஏற்ற வரியைப் பார்த்து இங்கு ஏராளமாக இறக்கப்பட்ட 1.0 டர்போ சிவிக்கும் இந்தக் கூட்டம்தான். டொயோட்டா 86இலும் சுபாரு பி.ஆர்.ஸெட்.இலும் இரு வகை இன்ஜெக்டரும் உண்டு. போர்ட் இன்ஜெக்டர் வேலை செய்யும் நேரங்களில் வால்வும் கழுவப்படுவதால், க்ளீனருக்கு மிகவும் ஒத்துப்போகும் எஞ்சின்களில் இதுவும் ஒன்று. மஸ்டா ஆர்.எக்ஸ்-8 தனிச் சாதி. அதன் ரோட்டரி எஞ்சினில் வால்வே கிடையாது. ‘வால்வு சுத்திகரிப்பான்’ என்று அந்தக் காருக்கு யாராவது விற்றால், கடையை மாற்றுங்கள்.

இனி போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது. நம்பிக்கையோடு வாங்கக்கூடிய சரக்கு பொலிஈத்தர் அமைன், சுருக்கமாக பி.ஈ.ஏ. எரியறையின் சூட்டையும் தாங்கி வேலை செய்வது இதன் சிறப்பு. இன்ஜெக்டரையும் வால்வையும் கழுவுவதோடு, பிஸ்டன் தலையில் இறுகிய கரியையும் மெல்ல மெல்லக் கரைக்கும். இரண்டாவது வகை பொலிஐசோபியூட்டிலீன் அமைன். வால்வை நன்றாகக் கழுவும், ஆனால் அளவு கூடினால் எரியறையில் தானே படிவாக மாறும் குணம் உண்டு. மூன்றாவது வகை வெறும் கரைப்பான், அதாவது மண்ணெண்ணெய் போன்ற நப்தாவும் கொஞ்சம் வாசனையும். விலை குறைந்த போத்தல்களில் பெரும்பகுதி இதுதான். பெற்றோலே ஒரு கரைப்பான். அதில் இன்னொரு கரைப்பானைச் சிறிதளவு கலந்து பெரிதாக எதுவும் நடந்துவிடாது. லேபலில் ‘சுத்தம்’, ‘சக்தி’, ‘சிக்கனம்’ என்று பத்து வாக்குறுதிகள் இருந்து, மூலப்பொருளின் பெயர் மட்டும் இல்லாவிட்டால் மூன்றாவது வகை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அளவு விடயத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். செறிவான பி.ஈ.ஏ. க்ளீனருக்குப் பொதுவான கணக்கு லீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிலீற்றர். லேபலில் வேறு அளவு இருந்தால் லேபலே சட்டம். 86இன் டேங்க் 50 லீற்றர், அதற்கு 400 மில்லி போதும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 37 லீற்றர், ஏறக்குறைய 300 மில்லி. ஹொண்டா எஸ்660இன் டேங்க் வெறும் 25 லீற்றர், அதற்கு 200 மில்லி. 75 லீற்றருக்கென்று தயாரித்த பெரிய போத்தலை எஸ்660இல் ஒரே தடவையில் கவிழ்த்தால், மும்மடங்கு மருந்து கொடுத்ததாகும். அது மும்மடங்கு சுத்தம் செய்யாது. எரியாமல் மிஞ்சும் பி.ஈ.ஏ. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் சேரும். அளவு கூடக் கூட ஒயில் கெடும் வேகமும் கூடும்.

இதனால்தான் ஒயில் மாற்றத்தோடு இணைத்தே க்ளீனரைத் திட்டமிட வேண்டும். அடுத்த ஒயில் மாற்றத்துக்கு ஒரு டேங்க் பெற்றோல் ஓடும் தூரம் இருக்கும்போது ஊற்றி, அந்த டேங்க் தீர்ந்ததும் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதே சரியான வரிசை. சேர்விஸ் நிலையங்கள் புது ஒயிலை ஊற்றிவிட்டு, பெற்றோல் டேங்கில் க்ளீனரையும் ஊற்றி அனுப்புவது இதற்கு நேர்மாறான வேலை. புது ஒயில் முதல் வாரத்திலேயே அழுக்கை வாங்கத் தொடங்கும். டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் சிறு தூரம் ஓடும்போது பெற்றோல் ஏற்கெனவே ஒயிலில் கசிவதுண்டு, ஆகவே அவற்றில் இந்த வரிசை இன்னும் முக்கியம்.

ஊற்றும் முறை எளிது. டேங்கில் கால்பங்கு இருக்கும்போது முதலில் மருந்தை ஊற்றி, அதன்மேல் முழு டேங்க் பெற்றோல் அடிக்க வேண்டும். பெற்றோல் பாயும் வேகத்தில் மருந்து தானாகக் கலந்துவிடும். நிரம்பிய டேங்கின் மேல் ஊற்றினால் கலப்பு சீராக இராது. அந்த டேங்கை ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஓடித் தீர்ப்பது நல்லது, இடையில் ‘டொப்-அப்’ அடித்து மருந்தை ஐதாக்க வேண்டாம். நகரத்துக்குள் மட்டும் ஓடினால் வேலை பாதியில் நிற்கும். கொட்டாவையில் தெற்கு அதிவேக வீதியில் ஏறி, 100 கிலோமீற்றர் வேக எல்லைக்குள் காலி வரை போய்த் திரும்பினால், எஞ்சின் முழுச் சூட்டில் தொடர்ந்து ஓடும். டாகோமீற்றர் 2500க்கும் 4000க்கும் இடையில் மாறி மாறி இருக்கட்டும். ரெட்லைன் வரை மிதிப்பதால் கரி விரைவாகக் கழன்றுவிடாது. கட்டுகுருந்தப் பந்தயத் தடத்துக்குப் போகும் வாரமும், டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவியில்) ட்யூன் செய்யும் நாளும் க்ளீனருக்கு உரியவை அல்ல. அந்த நாட்களில் டேங்கில் சுத்தமான பெற்றோல் மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் ஒரு தடவை போதும். ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்றுவது பணத்தை வீதியில் ஊற்றுவதற்குச் சமம்.

போத்தலால் தீராத கோளாறுகளும் உண்டு. இங்கேதான் ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் சற்று நிதானிக்க வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று மட்டும் பாதி அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸோஸ்ட் குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் நான்கு சிலிண்டரின் புகையையும் கலந்துதான் பார்க்கிறது. பெற்றோல் குறைகிறது என்று கணித்து, கணினி நான்குக்கும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கும். நல்ல மூன்றும் கொஞ்சம் அதிகம் குடிக்கும், கெட்ட ஒன்று தொடர்ந்து பட்டினி கிடக்கும். மெதுவாக ஓடும்போது இது தெரியவே தெரியாது. டர்போ முழு பூஸ்ட் (காற்றழுத்தம்) கொடுக்கும்போது அந்த ஒரு சிலிண்டரில் பெற்றோல் குறைந்து, வெப்பம் ஏறி, நொக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது, தொடங்கும். ஈ.ஜே. எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு (ரிங் லேண்ட்) உடைவதற்கு இது அறியப்பட்ட ஒரு பாதை. ‘க்ளீனர் ஊற்றியிருக்கிறேன், மிதித்துப் பார்த்தால் தெரியும்’ என்பது இதனால்தான் ஆபத்தான பரிசோதனை.

அதைவிட மலிவான பரிசோதனை இருக்கிறது. காரின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் சொருகி, நீண்டகால ஃபியூவல் ட்ரிம் எண்ணை, அதாவது கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் எரிபொருள் பக்கம் பெரிய குறை இல்லை, போத்தல் கட்டாயமும் இல்லை. கூட்டல் 10ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். அது அடைத்த இன்ஜெக்டராக இருக்கலாம். வெக்யூம் குழாய்க் கசிவு, அழுக்கான காற்றோட்ட சென்சர், களைத்த பெற்றோல் பம்ப், அடைத்த ஃபில்டர் எதுவாகவும் இருக்கலாம். கடைசி நான்கையும் எந்தத் திரவமும் குணப்படுத்தாது. சும்மா நிற்கும்போது மட்டும் எண் ஏறி, வேகத்தில் இறங்கினால் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். வேகத்தில் ஏறினால் பம்பையும் ஃபில்டரையும். கணினி பி0171 (பெற்றோல் போதவில்லை) போன்ற கோளாறுக் கோட் எழுதிய பின்புதான் பார்ப்போம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சந்தேகம் இன்ஜெக்டர் மேல் விழுந்தால், கழற்றி மீயொலித் தொட்டியில் கழுவி, பெஞ்சில் ஓட்டிப் பார்ப்பதே தீர்வு. ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் தெளிக்க விட்டு, நான்கு கண்ணாடிக் குழாய்களிலும் சேர்ந்த அளவை ஒப்பிடுவார்கள். கழுவிய பின்னும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்த இன்ஜெக்டரை மாற்றுங்கள். சக்தி கூட்டிய எஞ்சினில் 2 சதவீதத்துக்குள் வரச் செய்வது நல்லது. கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் கேட்டு வாங்குங்கள், ‘நல்லா வந்திருக்கு’ என்ற வாய்ப்பேச்சு போதாது. இன்ஜெக்டருக்குள் பெற்றோல் நுழையும் இடத்தில் ஒரு நுண்வடி (நுண்ணிய வடிகட்டி) இருக்கும். டேங்கிலிருந்து வந்த துரும்பும் துருவும் அதில்தான் மாட்டும், அதைக் கரைக்கும் க்ளீனர் கிடையாது. வடியையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட வேண்டும். டைரக்ட் இன்ஜெக்டர் என்றால் நுனியிலுள்ள டெஃப்லோன் சீலைப் புதிதாகப் போட்டு, அதற்கென உள்ள கருவியால் அமுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையால் ஏற்றிய சீல் எரியறை அழுத்தத்தைத் தாங்காது.

டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினின் வால்வுக் கரிக்கு வழி வேறு. கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) காற்றோட்டக் குழாய் வழியாக வரும் ஒயில் ஆவிதான் அதன் மூலம். உள்ளிழுக்கும் மெனிஃபோல்டைக் கழற்றி, சம்பந்தப்பட்ட சிலிண்டரின் வால்வுகள் முழுமையாக மூடியிருப்பதை உறுதிசெய்து, நொறுக்கிய வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்து, அதே நேரம் வெக்யூமால் உறிஞ்சி எடுப்பது சரியான முறை. வால்வு திறந்திருந்தால் ஓட்டுத்துகள் சிலிண்டருக்குள் போகும், பிறகு அழுவதில் பயனில்லை. த்ரொட்டில் வழியாக ஸ்ப்ரே அடித்துக் கரியைக் கழற்றும் குறுக்குவழியை டர்போ கார்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கட்டியாகக் கழன்ற கரி, எக்ஸோஸ்ட் வால்வைத் தாண்டி, நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் சுழலும் டர்பைன் இறக்கைகளில்தான் முதலில் மோதும். ஒயில் ஆவியைப் பிடிக்கும் ‘கேட்ச் கேன்’ ஒன்றைப் பூட்டினால் படிவு சேரும் வேகம் குறையும். ஆனால் அதைக் காலாகாலத்தில் வடிக்க மறந்தால் பூட்டாததற்குச் சமம்.

ஒக்டேன் குழப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒக்டேன் என்பது நொக்கிங்கைத் தாங்கும் பெற்றோலின் திறனைக் காட்டும் எண். க்ளீனர் ஒக்டேனைக் கூட்டாது. ஜப்பானியத் தரநிலையில் ஹை-ஒக்டேன் பெற்றோலுக்குக் குறைந்தபட்சம் 96, சாதாரணத்துக்கு 89. அந்த நாட்டில் ஹை-ஒக்டேன் கேட்கும் காருக்கு இங்கே 92 அடித்துவிட்டு, க்ளீனரால் ஈடுசெய்ய முடியாது. குறைந்தது 95 அடிக்க வேண்டும். அதிலும் முழு பூஸ்டில் கணினி இக்னிஷனைச் சற்றுப் பின்தள்ளியே ஓட்டும். எரியறையில் கரி சேரச் சேர எஞ்சின் கேட்கும் ஒக்டேனும் ஏறும் என்பது உண்மை. பி.ஈ.ஏ. அந்தக் கரியைக் குறைத்தால் நொக்கிங் தணியும். ‘க்ளீனர் ஊற்றினேன், இழுவை வந்தது’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான், பெற்றோல் மாறிவிடவில்லை. ‘ஒக்டேன் பூஸ்டர்’ வேறு சரக்கு. ‘30 பொயின்ட் கூட்டும்’ என்றால் 3 ஒக்டேன் என்றே அர்த்தம், 30 அல்ல. அவற்றில் சில மங்கனீசுச் சேர்வை கொண்டவை. அது ஸ்பார்க் பிளக்கில் செங்கல் நிறத் தூளாகப் படியும், தொடர்ந்து பாவித்தால் ஒட்சிசன் சென்சரையும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரையும் மூடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு டீசல் க்ளீனரைப் பெற்றோல் காருக்கு ஊற்றுவது. ஒரே நிறுவனத்தின் இரு போத்தல்களும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் ஒரே தட்டில் நிற்கும். வித்தியாசம் ஒரு சிறிய வரிதான். டீசல் க்ளீனர்களில் சீட்டேன் (டீசல் தீப்பற்றும் எளிமையைக் காட்டும் எண்) உயர்த்தும் நைட்ரேட் சேர்ப்பது வழமை. டீசல் எளிதாகத் தானே தீப்பற்ற வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் சரக்கு அது. பெற்றோலில் விழுந்தால் அதே குணம் ஒக்டேனைக் கீழே இழுக்கும். சாதாரண கார் கொஞ்சம் முணுமுணுக்கும். 95இன் விளிம்பில் ஓடும் டர்போ எஞ்சின் அதைத் தாங்காது. தெரியாமல் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் டேங்கை வடிப்பதே உத்தமம். ஏற்கெனவே இயக்கிவிட்டால், பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டிக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

2022இல் நீண்ட நாள் நின்று, அதன் பிறகும் சரியாகப் பார்க்கப்படாத கார்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேங்கின் அடியில் பிசினும் துருவும் இருக்கும் நிலையில் வீரியமான க்ளீனரை ஊற்றினால், கழன்ற அழுக்கு நேரே பம்பின் வலைக்கும் ஃபில்டருக்கும் போகும். ஜப்பானிய கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளே பம்போடு சேர்ந்திருக்கும். ஊற்றிய சில நாளில் கார் வேகத்தில் திணறினால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம், ஃபில்டர் அடைத்திருக்கிறது. இத்தகைய காரில் பம்பைக் கழற்றி டேங்கை வடித்துத் துடைத்து, ஃபில்டரை மாற்றிய பின்புதான் க்ளீனருக்கு முறை வரும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எனது கோரிக்கை சிறியது. இறக்குமதியாகும் ஒவ்வொரு போத்தலிலும் பெற்றோலுக்கா டீசலுக்கா என்பது தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சுத்திகரிக்கும் மூலப்பொருளின் பெயரும், லீற்றருக்கு எத்தனை மில்லி என்ற அளவும் அதே லேபலில் வேண்டும். இவ்வகை இரசாயனப் பொருளுக்குத் தயாரிப்பாளர் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்றை வெளியிடுவார். அதன் மூன்றாம் பகுதியில் சேர்மானம் எழுதப்பட்டிருக்கும். லேபல் திருந்தும் வரை, வாங்குவோர் கடையில் அந்தத் தாளைக் கேட்கலாம். காட்ட மறுக்கும் கடையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாகனத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.